முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கடை ஒன்றில் பொன்னுமணி பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறாள். வயது ஐம்பத்தாறு. அவளுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காய் பொறுக்கினாலே அவள் குணம் தெரிந்துவிடும். பெரிய காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம் என்று கை பாட்டுக்குப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும். வாய் பாட்டுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும். கரன்ட் கணக்கெடுக்க வருகிறவரிடம் மீட்டருக்குள் சுற்றுவது எது என்று கேட்பாள். பல் பிடுங்கப் போன இடத்தில், பிடுங்கிய பல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, வேர் ஏன் மூன்றாகப் பிரிந்திருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டவள். ஒருமுறை ஏலத்துக்கு வந்த வடநாட்டு வியாபாரி ஒருவரை வாசலில் நிறுத்தி, "இதை வாங்கிட்டுப் போயி யாருக்கு விப்பீங்க? அவுக இதை வச்சு என்னா ஆக்குவாக?" என்று கேட்டாள். அந்த மனுஷர் பாதி இந்தியும் பாதி தமிழுமாகக் கால் மணி நேரம் பதில் சொல்லிவிட்டு, கடையில் இருந்த எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை ஜீப்பு ஓட்டுகிறவர். விடியக்காலம் போடியில் ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவார். கல்யாணமான புதிதில் பொன்னுமணியும் அதே ஜீப்பில்தான் காய் பறிக்கப் போனாள். டிரைவர் பொண்டாட்டி என்பதற்காக முன்சீட்டெல்லாம் கிடையாது. அது கங்காணிக்கும் முடியாதவர்களுக்கும். பின்னால் அடைத்து ஏற்றிய பதினாறு பேரில் ஒருத்தியாக, சக்கரத்துக்கு மேலே இருக்கிற இரும்பு மேட்டில், மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு போவாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்வார்கள். வெள்ளைத்துரை முன்னால் இருந்து யாருடனாவது பேசிக்கொண்டே வருவார். பேச்சு நின்றால் அவருக்கு வண்டி ஓடாது.

அவர்களுக்கு ஒரே மகள், முத்துப்பிரியா. போடியில் பள்ளிக்கூடம், மதுரையில் கல்லூரி, அப்புறம் அமெரிக்காவில் மேல்படிப்பு. இப்போது சிகாகோவில் ஒரு மருந்துக் கம்பெனியில் இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை. கம்பெனிக்கு ஜப்பானிலும் ஒரு தொழிற்சாலை உண்டு. அதனால் மாதம் ஒருமுறை ஜப்பான் விமானத்தில் போய் வந்துகொண்டிருந்தாள்.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் வந்தாள். மகளைப் பார்க்கப் போக இரண்டு பேருக்கும் விசா கிடைத்திருந்த நேரம்.

"அம்மா, நம்ம பறக்கப் பறக்க அந்த விமானக் கம்பெனில புள்ளி குடுப்பாங்க. எனக்கு மூணு வருசமாச் சேந்து கெடக்கு. அதை வச்சு டிக்கெட் போட்டுட்டேன். டோக்கியோ வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒன்னா வருவீங்க. அங்கருந்து சிகாகோவுக்குத்தான் ஒரு சங்கடம். முதல் வகுப்புல ஒரே ஒரு சீட்டுதான் கெடச்சிருக்கு. இன்னொருத்தரு பின்னாடி சாதா சீட்டுல வரணும். யாருன்னு நீங்களே சொல்லுங்க."

"அம்மா உக்காரட்டும்," என்றார் வெள்ளைத்துரை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பொன்னுமணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனுஷன் பஸ்சில் போனால்கூட டிரைவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறவர். கல்யாண வீட்டு வேனில் முன்சீட்டு கிடைக்கவில்லை என்று ராசிங்காபுரத்துக்கு டூவீலரில் தனியாகப் போனவர். இவரா விட்டுக்கொடுக்கிறார்? போனை வைத்ததும் கேட்டாள். "ஒனக்கு முட்டி வலி இருக்குல்ல," என்றார். முட்டி வலி அவருக்குத்தான். மறுநாள் கேட்டாள், ஜீப்புக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். மூன்றாவது தடவை கேட்டதற்கு, "போ சோலியப் பாரு," என்றார். அவளும் விட்டுவிட்டாள், ஆனால் மறக்கவில்லை.

மார்ச் மாதக் கடைசியில் கிளம்பினார்கள். மதுரை, சென்னை, அங்கிருந்து டோக்கியோ. டோக்கியோ விமானத்தில் பொன்னுமணி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைத்துரை அடுத்த சீட்டில் இருந்த கட்டட மேஸ்திரியுடன் டோக்கியோ வரும்வரை பேசி முடித்தார்.

டோக்கியோவில் சிகாகோ விமானத்துக்காக உட்கார்ந்திருந்தபோது பொன்னுமணி மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"இப்பவாச்சும் சொல்லுங்க. அந்தச் சீட்டை எதுக்கு எனக்குக் குடுத்தீங்க?"

வெள்ளைத்துரை சுற்றும் முற்றும் பார்த்தார். இனி டிக்கெட்டை மாற்ற முடியாது என்பது உறுதியானதும் சொன்னார்.

"பிரியா போன்ல படம் அனுப்புனால்ல? பாத்தேன். ஆளுக்கு ஒரு ரூமு மாதிரி தடுப்பு கட்டி வச்சிருக்கான். கதவு வேற. பன்னெண்டு மணி நேரம் ஒரு மனுசன் மூஞ்சியப் பாக்காம, ஒரு வார்த்தை பேசாம உக்காரணும்னா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்."

"அப்ப என்னையக் கொண்டுபோயி அதுல அடைக்கிறீங்களாக்கும்?"

"நீ சுவத்துக்கிட்டயே நாலு கேள்வி கேப்ப. ஒனக்குச் சரியா வரும்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக அரித்துக்கொண்டிருந்த விஷயம் இவ்வளவுதானா! முதல் வகுப்பை முதலில் கூப்பிட்டார்கள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மாத்திரை மறந்துறாதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் தனியாக நடந்தாள்.

உள்ளே எட்டே எட்டு இடங்கள். அவளுடையது ஜன்னலோரம். வெள்ளைத்துரை சொன்னது சரிதான். தோள் உயரத்துக்குத் தடுப்பும் இழுத்து மூடுகிற கதவும் இருந்தன. சீட்டு, மூன்று பேர் தாராளமாக உட்காரும் அகலம். எதிரே கால் நீட்ட ஒரு திண்டு, அதற்கு மேலே பெரிய டிவி. அவள் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். பழக்கம், பக்கத்தில் இன்னும் யாராவது வருவார்கள் என்று உடம்பு தானாக ஒதுங்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நடுவில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

விமானப் பணிப்பெண் ஒருத்தி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பொன்னுமணியின் பெயரை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி வணங்கினாள். பிறகு சட்டென்று சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு, முகத்தை அண்ணாந்து பார்த்துப் பேசத் தொடங்கினாள்.

பொன்னுமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் முன்னால் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அவளும் சீட்டை விட்டு இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இருவரும் கீழே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் முதலில் திகைத்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொன்னுமணியும் சிரித்தாள். அந்தப் பெண்ணின் பெயர் ஹருகா.

ஹருகாவுக்குத் தமிழ் தெரியாது. பொன்னுமணிக்கு ஜப்பான் மொழியும் தெரியாது, ஆங்கிலமும் நாலு வார்த்தைக்கு மேல் வராது. விமானம் மேலே ஏறி நிதானப்பட்டதும், ஹருகா ஒரு சிலேட்டு போன்ற கருவியைக் கொண்டுவந்தாள். அதில் பேசினால் மொழிபெயர்த்துச் சொல்லுமாம். பேசுங்கள் என்று சைகை காட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரு பின்னாடி இருக்காரு. சாப்ட்டாரா என்னான்னு வெரசாப் பாத்துட்டு வர்றியாத்தா?"

கருவி ஏதோ சொன்னது. ஹருகா தலையைச் சாய்த்து யோசித்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொன்னுமணி இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். கருவி இன்னும் மோசமாக எதையோ சொல்லியிருக்க வேண்டும்; ஹருகா கவலையோடு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வந்தாள்.

அப்போதுதான் பொன்னுமணிக்கு ஒரு யோசனை தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஆரம்பித்தாள். "என் கணவர் பின் பகுதியில் அமர்ந்துள்ளார். அவர் உணவு உண்டாரா?"

ஹருகாவின் முகம் மலர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் ஜப்பான் மொழியில் சொல்ல, கருவி ஆண் குரலில் சொன்னது: "தங்கள் கணவர் நலமாக உள்ளார். அவர் இரண்டு உணவுகளைப் பெற்றுள்ளார். ஒன்று அருகில் இருப்பவர் அளித்தது."

அதற்கப்புறம் பொன்னுமணியை நிறுத்த முடியவில்லை. சாப்பாடு குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் வந்தது. ஒன்றில் பூ மாதிரி செதுக்கிய கேரட், ஒன்றில் வேக வைக்காத மீன். மீனைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். ஆனால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவளால் முடியாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டாள். கவிச்சியே இல்லை. பிரமாதம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது துண்டையும் எடுத்தாள். சோற்றுப் பருக்கை ஒன்றை விரலில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். குட்டையாக, உருண்டையாக, பிசுபிசுவென்று இருந்தது. "இந்த நெல்லு" என்று ஆரம்பித்து, திருத்திக்கொண்டு, "இந்த நெல் எத்தனை மாதத்தில் விளையும்?" என்றாள்.

நெல்லைப் பற்றி ஹருகாவுக்குத் தெரியவில்லை. ஆனால் தன் அம்மா மலைச்சரிவில் தேயிலை பறிக்கிறவள் என்று சொன்னாள். சின்ன வயதில் தானும் பறித்திருக்கிறாளாம். பொன்னுமணி உடனே அவள் கையைப் பிடித்து இழுத்து விரல் நுனியைப் பார்த்தாள். கறை இல்லை, நகத்துக்கு வெளிர் சாயம். தன் விரல்களை விரித்துக் காட்டினாள். நகத்தோரம் எவ்வளவு தேய்த்தாலும் போகாத பழுப்பு. வழியில் குமட்டினால் மெல்ல வைத்திருந்த ஏலக்காயில் நாலைந்தை எடுத்து அந்தக் கையில் வைத்து, "நாங்கள் பறிப்பது இது," என்றாள். ஹருகா மோந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மோந்தாள். பிறகு ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

கேள்விகள் வரிசையாக வந்தன. விமானம் ஓட்டுகிறவர்களுக்கும் இதே சாப்பாடுதானா? இரண்டு பேருக்கும் வேறு வேறு சாப்பாடு, ஒன்று ஒத்துக்கொள்ளாமல் போனாலும் இன்னொருவர் ஓட்டலாம் என்றாள் ஹருகா. பொன்னுமணிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வியாழக்கிழமை காலையில் கிளம்பி அதே வியாழக்கிழமை காலையில் இறங்குகிறோமே, நடுவில் இருக்கிற ராத்திரி யாருடைய கணக்கில் போகிறது? ஹருகா விரலால் உலக உருண்டையை வரைந்து காட்டிப் பார்த்தாள். பாதியில் அவளுக்கே குழம்பிவிட்டது. ஜன்னல் கண்ணாடியின் அடியில் ஒரு ஊசித் துளை இருக்கிறதே, அதைச் சுற்றிப் பூப்பூவாகப் பனி படிந்திருக்கிறதே, அந்த ஓட்டையை யாரும் அடைக்கவில்லையா? ஹருகா குனிந்து அந்தத் துளையையே வெகுநேரம் பார்த்தாள்.

ஜன்னல்களை இருட்டாக்கினார்கள். விமான நிறுவனம் கொடுத்த உறக்க உடையின் சட்டையைச் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள் பொன்னுமணி. சீட்டைப் படுக்கையாக்கி, மெத்தை விரித்தார்கள். படுத்தாள், தூக்கம் வரவில்லை. அவரைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டாள். பின்னால் இருப்பவர்கள் முன்னால் வரக்கூடாது, முன்னால் இருப்பவர்கள் பின்னால் போகலாம் என்றாள் ஹருகா.

திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனாள். ஒவ்வொரு திரைக்கும் சீட்டு குறுகிக்கொண்டே வந்தது. கடைசிப் பகுதிக்கு வந்தபோதுதான் விமானம் எவ்வளவு நீளம் என்பது தெரிந்தது. நாற்பத்தேழாம் வரிசையில் வெள்ளைத்துரையைக் காணோம். வரிசை எண்ணை மறுபடி பார்த்தாள். அப்புறம் அவர் சத்தம் கேட்டது. விமானத்தின் வால் பக்கம், காபி போடுகிற இடத்தருகே நின்றுகொண்டிருந்தார். கூட ஒரு கோயம்புத்தூர்ப் பையன், ஒரு பிலிப்பைன்ஸ் நர்சம்மா, தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர். கைத்துடைக்கும் காகிதத்தில் போடிமெட்டு ரோட்டின் வளைவுகளை வரைந்து, எந்த வளைவில் எந்த கியர் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்ப் பையன் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏ, இந்தா வந்துட்டா! என்னா இது சட்டை?" என்றார் வெள்ளைத்துரை. "சொல்லு சொல்லு, அங்க என்னென்ன இருக்கு?"

அவள் சொன்னாள். கிண்ணங்கள், படுக்கை, மண்டியிட்டது, தான் தரையில் உட்கார்ந்தது, பச்சை மீன். அவர் வாயைப் பிளந்து கேட்டார். மீன் என்றதும் முகத்தைச் சுளித்தார். அவர் அவளைத் தன் வரிசைக்குக் கூட்டிப்போனார், ஒரு பக்கத்துச் சீட்டு காலியாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, அவர் மாத்திரை போட்டதைப் பார்த்தாள். தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பது இதமாகத்தான் இருந்தது.

"இங்கயே இருந்துக்கிறியா?" என்றார் அவர்.

பொன்னுமணி யோசித்தாள். அந்த முன்சீட்டில் இன்னும் ஆறேழு பித்தான்கள் என்ன செய்யும் என்று தெரியவில்லை. அந்த மெத்தையில் முழுசாகக் கை கால் விரித்துப் படுத்தால் எப்படி இருக்கும் என்பதும் தெரியவில்லை. இன்னொரு தடவை இது வாய்க்கப் போவதில்லை.

"இல்லங்க, நான் போறேன். அங்க இன்னும் பாக்க வேண்டியது கெடக்கு."

"போ போ. வந்து எல்லாத்தையும் சொல்லணும்," என்றார் அவர். கோயம்புத்தூர்ப் பையன் பின்னாலேயே வந்து அடுத்த வளைவைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் திரும்பிப் போய், பித்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். ஒன்று முதுகைத் தடவிவிட்டது, கத்திவிடப் பார்த்தாள். பிறகு கதவை இழுத்து மூடிவிட்டு, குறுக்கே படுத்துப் பார்த்தாள். நேரே படுத்துப் பார்த்தாள். காலை எவ்வளவு நீட்டினாலும் யார் மேலும் படவில்லை. அவ்வளவுதான் நினைவு. ஹருகா வந்து மெல்லக் கதவைத் தட்டியபோது, ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, கீழே ஏரி ஒன்று கடல் மாதிரி கிடந்தது. பொன்னுமணி ஐந்தரை மணி நேரம் தூங்கியிருந்தாள். வீட்டில்கூட அவள் அப்படிப் புரளாமல் தூங்கியதில்லை.

இறங்கும்போது ஹருகா ஒரு சின்ன உறையை இரண்டு கையாலும் நீட்டினாள். பொன்னுமணியும் இரண்டு கையாலும் வாங்கினாள்.

விமான நிலைய வாசலில் முத்துப்பிரியா நின்றிருந்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறாள். அப்பாவையும் அம்மாவையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கார் நிறுத்துமிடத்துக்குப் போகிற வழியில்தான் பொன்னுமணி உறையை நீட்டினாள். "இதுல என்னா எழுதியிருக்குன்னு பாரு."

உள்ளே ஒரு அட்டை, நெருக்கி நெருக்கி எழுதிய ஜப்பான் எழுத்து, அடியில் ஒரு முகவரி. முத்துப்பிரியா காருக்குள் உட்கார்ந்ததும் கொஞ்சம் தானாகவும் கொஞ்சம் போனைக் காட்டியும் படித்தாள்.

"'பொன்னுமணி அவர்களுக்கு. பதினோரு வருசமா இந்த வேலையில இருக்கேன். அந்த ஜன்னல் துளையை இன்னைக்குத்தான் முதல் தடவையாப் பாத்தேன். விமானிகிட்டக் கேட்டேன். கண்ணாடி மூணு அடுக்காம். வெளி அடுக்குதான் காத்தழுத்தத்தைத் தாங்குது. நடு அடுக்குல இருக்கிற அந்தத் துளை ரெண்டு பக்கமும் காத்தைச் சமப்படுத்துதாம். பயமில்லை. நெல்லையும் ராத்திரியையும் பத்தி நான் இன்னும் விசாரிக்கணும்.'" முத்துப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். "என்னாம்மா பண்ணுன நீ அந்தப் பொண்ணை?"

"மேல படி."

"'எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. நீங்க தூங்கிட்டதால கேக்க முடியலை. ஏலக்காய் செடியில எங்க காய்க்கும்? தேயிலை மாதிரி மேல, நுனியிலயா?'"

பொன்னுமணி அட்டையை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர்களும் காயின் பருமனைத்தான் கேட்பார்கள், நிறத்தைத்தான் கேட்பார்கள். அது எங்கே காய்க்கிறது என்று அவளிடம் இதுவரை ஒருத்தர் கேட்டதில்லை.

வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டதும் மகளிடம் வெள்ளைத் தாளும் பென்சிலும் கேட்டாள். உயரமாகத் தட்டைகள், நீள நீள இலைகள். அப்புறம் செடியின் தூரில், மண்ணோடு மண்ணாகப் படர்கிற சரங்கள். அதில்தான் பூவும் காயும். முதல் தாளில் அது ஏதோ பாம்பு மாதிரி வந்துவிட்டது. கிழித்துப்போட்டு இன்னொன்று வரைந்தாள். பறிக்கிறவள் எப்படிக் குனிந்து, தூர்ப்பக்கம் கையை விட்டு எடுக்கிறாள் என்று ஒரு பொம்பளையையும் வரைந்தாள்.

வெள்ளைத்துரை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "பூவுல செவப்புக் கோட்டைக் காணோம்."

"பென்சில்ல எப்பிடிங்க செவப்பு வரும்?"

"எழுதிவிடு, செவப்புன்னு."

முத்துப்பிரியா சிவப்புப் பேனா தேடிக் கொண்டுவந்தாள். பொன்னுமணி வெள்ளைப் பூவின் நடுவில் மெல்லிசாகக் கோடுகள் இழுத்தாள். அப்புறம் தாளை மகள் பக்கம் தள்ளி, "இப்ப நான் சொல்றேன், நீ எழுது. செய்தி வாசிக்கிற மாதிரி சொல்றேன், அப்பத்தான் அந்தப் பொண்ணு வச்சிருக்கிற மொழிபெயர்க்கிற கருவிக்குப் புரியும்," என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள்.